கொரேயா தாயின் தண்ணீரும் என் ரேடியேட்டரும்

சேப்பெஸ் ஊருக்கு மேற்கே,
நெடுஞ்சாலை ஓரம், முள்மரத்தடி.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் ஃபெர்மின் அவர்களுக்கு, ரஃபாயேலா ஊர் டைல்ஸ் மொத்த வியாபாரியும் உங்கள் தங்கை டெல்மாவின் புருஷனுமான எல்வியோ பொனேத்தோ தலை குனிந்து எழுதிக்கொள்வது.

நடந்தது இதுதான். பாலைவனத்தில் தாகத்தால் செத்துப்போன ஒரு தாய்க்கு ஜனங்கள் வேண்டிக்கொண்டு வைத்திருந்த தண்ணீரை எடுத்து பஸ்ஸை வீடாக மாற்றிய என் வீட்டு வண்டியின் ரேடியேட்டரில் ஊற்றினேன். கையும் பாட்டிலுமாகப் பிடிபட்டபோது ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் வண்டி எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. உங்கள் தங்கையும் என்னை நடுரோட்டில் விட்டுவிட்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

உடைந்த சரக்கை முதலில் காட்டு, நல்ல சரக்கைப் பிறகு பிரி என்பது என் கடை வழக்கம். அதனால்தான் இதை மேலே வைத்தேன். இனி முறைப்படி விசாரிக்கிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஆலங்கட்டி மழைக்குத் திராட்சைக் கொடிகள் தப்பினவா? வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? நான் இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை. இந்த இடத்தில் செல்போனுக்கு சிக்னல் கிடையாது. இருந்தாலும் டெல்மா எடுக்க மாட்டாள். ஆகவே கடிதம். வேறு காகிதம் இல்லாததால் என் கடை விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்து விலைகளை நம்ப வேண்டாம். அவை போன மாதத்து விலைகள். நம் அர்ஜென்டினாவில் போன மாதத்து விலை என்பது சரித்திரப் பாடம்.

இந்த வண்டியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். அதாவது, பாதி பொய். ஒரு ஜெர்மன் இன்ஜினீயர் குடும்பம் கண்ணும் கருத்துமாக வைத்திருந்த வண்டி என்றேன். அது ரொசாரியோவில் டவுன் பஸ்ஸாக ஓடிக் களைத்தது. பிறகு யாரோ ஒருவர் கட்டிலும் அடுப்பும் வைத்து இரண்டு கோடை கடற்கரைக்கு ஓட்டி அலுத்துப்போனார். கடைசியில் ஒரு பண்ணைக்காரர் வாங்கி அதில் முட்டைக் கோழிகளைக் குடிவைத்திருந்தார். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்து, "மெத்தை நல்லா மெத்துனு இருக்கும்போல மாப்ளே" என்றீர்களே, அந்த இடத்தில்தான் நான் முதல் நாள் மண்வெட்டியால் கோழி எச்சம் வாரினேன்.

ஆனால் ஒன்று மச்சான், வேலையைச் சுத்தமாகத்தான் செய்தேன். துருவேறிய தகடுகளை வெட்டி எறிந்து புதுத் தகடு பற்றவைத்தேன். இன்ஜினை இறக்கிப் பிரித்து பிஸ்டன் மாற்றினேன், பிரேக் மாற்றினேன், பழைய ஒயர்களை மீன் குடல் மாதிரி உருவி எடுத்துப் புதிதாக இழுத்தேன். ஜன்னல் ரப்பர் ஒவ்வொன்றையும் என் கையாலேயே ஒட்டினேன். கூரையில் சோலார் தகடு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தணலில் கறி சுடுவதைக்கூட விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். நம் நாட்டில் ஒரு ஆண்பிள்ளை இதைவிடப் பெரிய தியாகம் செய்ய முடியாது. அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு உங்கள் வீட்டுக் கொடிப்பந்தலின் கீழ் உட்கார்ந்து மாத்தே இலைக் கஷாயம் உறிஞ்சிக்கொண்டிருப்பேன். ஆனால் நான் டைல்ஸ்காரன். ஒவ்வொரு மொத்த வியாபாரியின் கிடங்கிலும் ஒரு மூலை உண்டு; கம்பெனி நிறுத்திவிட்ட நிறம், அச்சு கோணியது, ஒரு பெட்டியோடு மறு பெட்டி சேராதது எல்லாம் அங்கே குவிந்து அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும். எனக்கு அந்த மூலையும் தீரும், வண்டிக்கும் அந்தஸ்து வரும் என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் கணக்குப் போட்டேன். தரைக்குச் சாம்பல் நிறத்தில் கனமான டைல்ஸ். சுவருக்கு நீலப் பூ போட்டது. அது பூ கோணலாக அச்சாகி வந்து, எந்தக் கட்டடக்காரனும் தொடாத சரக்கு. சமையல் மேடைக்குக் கிரானைட். குளிக்க இரும்புத் தொட்டி. கழிப்பறையில் பீங்கான் கோப்பை. அதற்குப் பக்கத்தில், நம் வீடுகளில் இருக்கிற மாதிரியே, உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் பிதே, மேல்நோக்கிப் பீச்சுகிற குழாயோடு.

எங்கள் ஊர் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் கவிழ்ந்த புன்னகை மாதிரி இருப்பதைக் காட்டினார். "எல்வியோ, இது பஸ்ஸா, இல்ல ஒன் கடையோட கிளையா?" என்றார். "பஸ்ஸுதான், கொஞ்சம் கௌரவமான பஸ்ஸு" என்றேன். "கௌரவம் எத்தன டன் வரும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். டெல்மாவும் சொன்னாள்.

"வீட்டு வண்டின்னா எல்லாம் பிளாஸ்டிக்ல லேசா இருக்கணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கே எல்வியோ."

"அது பிளாஸ்டிக் விக்கறவன் எழுதின புஸ்தகம்."

"போறது ஒரு வாரம். அதுக்கு பிதே எதுக்கு?"

"ஊருக்குப் போறவன் நாகரிகத்த வீட்டுல பூட்டி வெச்சுட்டா போவான்?"

இப்போது உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. உங்கள் மகள் கல்யாணத்தில் கையில் கோப்பையோடு எழுந்து நின்று, "எங்க மாப்ள உலகம் பூரா டைல்ஸ் ஒட்டுவாரு, ஆனா அதுல நடந்து மட்டும் பாக்க மாட்டாரு" என்றீர்கள். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். மறு வாரமே கோழிப்பண்ணைக்குப் போய் வண்டியை வாங்கினேன். திராட்சை அறுவடைக்கு உங்கள் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நிற்க வேண்டும், நீங்கள் உள்ளே வந்து பார்த்து வாயடைத்துப்போக வேண்டும் என்று, அந்த வாயை நினைத்து நினைத்தே ஒவ்வொரு டைலையும் ஒட்டினேன்.

புறப்பட்டோம். சமவெளியில் வண்டி தேர் மாதிரி வந்தது. தேரின் வேகத்தில்தான் வந்தது. கோர்தோபா தாண்டி மேடு ஏறும்போது சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்திக்கொண்டு தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். சேப்பெஸில் டீசல் போட நின்றோம். அங்கேதான் என் கேடு காலம் பிடித்தது. ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, "ஐயோ, உள்ள பிதேவா!" என்று கத்தினார். அவ்வளவுதான், பங்க்கில் நின்றவர்கள் எல்லோரும் வரிசையில் வந்து ஏறிப் பார்த்தார்கள். நான் கடையில் சாம்பிள் காட்டுகிறவன் மாதிரி குழாயைத் திறந்து, தண்ணீர் எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று ஒவ்வொரு கோஷ்டிக்கும் தனித்தனியாகக் காட்டினேன். இரும்புத் தொட்டியை நிரப்பி, அடைப்பைப் பிடுங்கி வடித்தும் காட்டினேன். கைதட்டினார்கள் மச்சான். எனக்கு யாரும் இதுவரை கைதட்டியதில்லை.

"தண்ணி தீருது எல்வியோ" என்றாள் டெல்மா.

"சேப்பெஸ்ல ரொப்பிக்கலாம்."

"இதான் சேப்பெஸ்."

பங்க்கில் கேட்டால் அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை, நாளைக்கு வரலாம் என்றார்கள். நாளைக்கு வரை யார் காத்திருப்பது? இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று காலி டாங்கோடு கிளம்பினேன்.

அதற்கு அப்புறம் ரோடு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில், முள்செடி, மறுபடி வெயில். ரேடியேட்டர் சூட்டைக் காட்டும் முள் மெதுவாக எழுந்தது. வேகத்தைக் குறைத்தேன். அதற்குக் கீழே குறைக்க வேகம் இல்லை. முள் சிவப்பைத் தொட்டது, மூடியிலிருந்து ஆவி சீறியது, வண்டி இந்த முள்மரத்துக்கு எதிரே நின்றுவிட்டது. மரத்தடியில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் மாடம். அதைச் சுற்றித் தண்ணீர் பாட்டில்கள். சின்னது, பெரியது, பச்சை, வெள்ளை, எல்லாம் நிரம்பி, வெயிலில் பளபளவென்று. லாரியிலிருந்து அப்போதுதான் இறக்கி அடுக்கிய சரக்கு மாதிரி இருந்தது. எங்கள் சாந்தா ஃபே பக்கம் கேட்காமலே தண்ணீர் வரும், முழங்கால் வரை வரும். உங்கள் பக்கத்தில், மார்பில் குழந்தையோடு தாகத்தில் செத்துக் கிடந்த கொரேயா தாய்க்கு இன்னமும் தாகம் அடங்கவில்லை என்று ரோடெல்லாம் தண்ணீர் வைக்கிறீர்கள். செத்த பிறகும் அவள் மார்பில் பால் சுரந்து குழந்தை பிழைத்தது என்று டெல்மா எனக்குக் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வந்திருக்கிறாள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

"அதத் தொடாத" என்றாள், நான் வண்டியிலிருந்து இறங்கும்போதே.

"தண்ணிதான டெல்மா."

"தண்ணியில்ல. வேண்டுதல்."

"ரேடியேட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒனக்கும் ரேடியேட்டருக்கும் வித்தியாசமே கெடையாது. சட்டுனு சூடாயிடுவீங்க, அப்புறம் ஊருக்கே ஆவி." கொஞ்சம் இறங்கி வந்தாள். "எடுக்கறதுன்னா ஒரு வார்த்த கேட்டுட்டாவது எடு."

"யாரக் கேக்கறது? ஆளா நிக்குது?"

அவள் போய் மரத்துக்கு மறுபக்கம் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். மத்தியானத் தூக்க நேரம். மெழுகுவர்த்தியும் செமிட்டா ரொட்டியும் விற்கிற தகரக் கடை ஒன்று பக்கத்தில் இருந்தது, அதுவும் சாத்தியிருந்தது. இன்ஜின் ஆறும் வரை பொறுத்திருந்தேன். பிறகு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து ஊற்றினேன். நான் தாறுமாறான ஆள் இல்லை. காலியான பாட்டிலுக்கு மூடி போட்டு, எடுத்த இடத்திலேயே, லேபிள் முன்பக்கம் தெரிய வைத்தேன். இந்த ஒழுங்குதான் பிறகு என்னைக் கொன்றது.

வெங்காய லாரி வந்து நின்ற சத்தம் ரேடியேட்டர் குடிக்கிற சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பின்னால் ஒரு குரல்.

"என்ன முதலாளி நடக்குது இங்க?"

காச்சோ என்று ஒரு லாரி டிரைவர். கதவகல மனிதர். கையில் தாய்க்கு வைக்கக் கொண்டுவந்த புதுத் தண்ணீர் பாட்டில்.

"பழைய தண்ணிய மாத்திட்டிருக்கேன் தம்பி" என்றேன். கவுண்டருக்குப் பின்னால் ஆயுசைக் கழித்தவனுக்கு நாக்கு மூளையைக் கேட்காது.

"மாத்தறவரு ரேடியேட்டர்ல ஏன் ஊத்தறீங்க?"

"அது... இது நேத்திக்கடன் வண்டி. தாயோட தண்ணிதான் மொதல்ல வண்டிக்குள்ள போகணும்னு வேண்டுதல்."

"என்ன நேத்திக்கடன்?"

"எல்லாரும் வீடு கட்டினா சின்னப் பொம்மை வீடு செஞ்சு வைக்கறாங்கல்ல? நான் நெஜ வீட்டையே வெச்சுரலாம்னு. இந்த வண்டி அவளுக்குத்தான்."

இதைச் சொன்னது நான்தான் மச்சான். என் வாயால்தான் வந்தது. இந்த வரியை எழுதும்போது காது சுடுகிறது. காச்சோ தொப்பியைக் கழற்றினார். வண்டியையும் என்னையும் பார்த்தார். அப்புறம் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். என் விலா எலும்பு இரண்டு பேசிக்கொண்டன. "பெரிய மனசு முதலாளி ஒங்களுக்கு" என்று என் தோளிலேயே அழுதார். அப்புறம் போன தடவை தான் வைத்த பாட்டிலைத் தேடினார். பச்சை பாட்டில், நீல நாடா கட்டியது. அவர் மனைவி நார்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடக்கப்போகிறதாம், அதற்காக வைத்ததாம். பாட்டில் வைத்த இடத்திலேயே இருந்தது. மூடி இறுக்கமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"குடிச்சுட்டா!" என்று கத்தினார். "மூடி போட்டபடி இருக்கு, தண்ணியக் காணோம்! என் தண்ணிய அவளே குடிச்சுட்டா!" ரோட்டில் மண்டியிட்டார்.

நான் டெல்மாவைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அதன் பிறகு எதுவும் என் கையில் இல்லை. காச்சோ லாரி ரேடியோவில் செய்தி சொல்ல, போகிற வருகிற லாரிகள் நின்றன. சங்கிலி போட்டு என் வண்டியை ரோட்டைவிட்டு இழுத்து மாடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒருவர் உள்ளே ஏறிப் பார்த்து, "தாகத்துல செத்தவளுக்குப் போய் பிதேவா குடுத்தீங்க?" என்று கேட்டார். இன்னொருவர் அவர் தலையில் தட்டி, "பொம்பளைங்க வசதி ஒனக்கென்னடா தெரியும்?" என்றார். எல்லோரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். உங்கள் வாசலில் அடிக்க நான் நினைத்திருந்த ஹாரனைவிட அது பெரியது. எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகு, சாவியைத் திருகிப் பார்த்தேன். இன்ஜின் அமர்க்களமாகப் பிடித்துக்கொண்டது. முள் பச்சையில் நின்றது.

"வண்டி ரெடி டெல்மா. ஏறு, இருட்டறதுக்குள்ள ஒங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரலாம்."

"யாரு வண்டி?"

"நம்ம வண்டி."

"அதான் குடுத்துட்டியே."

"அது சும்மா சொன்னது."

"யாருகிட்ட சும்மா சொன்ன? காச்சோகிட்டயா, அவகிட்டயா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அவ தண்ணிய எடுத்து, அவ பேர்ல பொய் சொல்லி, அவளுக்குன்னு குடுத்தத நீயே திரும்ப எடுத்துக்கிட்டு, எங்கண்ணன் வாசல்ல ஹாரன் அடிக்கப் போறியா? அதுல நான் ஏற மாட்டேன். சொன்ன சொல்ல ஒரு வழி பண்ணு. அது வரைக்கும் வீட்டுப் பக்கம் என்னத் தேடாத."

அந்த நேரம் பார்த்து உங்கள் ஊர்ப் பக்கம் போகும் சான் ஹுவான் பஸ் வந்தது. கையைக் காட்டினாள், நின்றது, ஏறினாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன். ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. இந்த ரோட்டில் ஓடுகிற லாரிக்காரர் எல்லோருக்கும் என் வண்டி தெரியும். விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. சரக்கைத் தனியே விட்டுப் போன வியாபாரி உலகத்தில் இல்லை. லாரிக்காரர்கள் கேன்களில் தண்ணீர் கொண்டுவந்து டாங்கை நிரப்பிவிட்டுப் போகிறார்கள். பகலெல்லாம் ஜனங்கள் வந்து வண்டிக் கண்ணாடியில் நாடா கட்டுகிறார்கள், கிரானைட் மேடையில் பொம்மை வீடுகளை வைக்கிறார்கள், என்னைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். நான் நெளிகிறேன். அதை அடக்கம் என்று நினைத்து இன்னொரு தடவை கும்பிடுகிறார்கள். பஸ்கள் இப்போது இங்கே நிற்க ஆரம்பித்துவிட்டன, ஏனென்றால் இந்த ரோட்டில் பெண்களுக்கு மறைவு என்று இருப்பது முள்செடி ஒன்றுதான். கதவு தாழ்ப்பாளோடு ஒரு கழிப்பறையைக் கண்டதும் கைப்பையை அணைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

தகரக் கடைக்காரி சுல்மாவிடம் ரொட்டி வாங்கப் போனேன்.

"நல்லாத் தூங்கினீங்களா டைல்ஸ்காரரே?" என்றாள்.

"ஏதோ."

"நான் மத்தியானத்துல தூங்கறதில்ல. தகரத்துக்குக் கீழ புழுக்கம். இப்பிடி ஜன்னல் வழியா ரோட்டப் பாத்துட்டு ஒக்காந்திருப்பேன்."

"அன்னிக்கும் ஒக்காந்திருந்தீங்களா?"

"மூடி போட்டு, லேபிள் வெளிய தெரிய வெச்சீங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. எத்தனையோ களவாணிய பாத்திருக்கேன், இவ்வளவு சுத்தமான களவாணிய பாத்ததில்ல." யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆனால் நான் போகும்போதெல்லாம், "தண்ணி வேணுமா முதலாளி?" என்று கேட்கிறாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். நேற்று ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டால் நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டவளாம். காலெல்லாம் கொப்புளம். என் குளியலறையில் குழந்தையின் உடம்பைத் துடைத்துவிட்டு, தன் தலைத்துணியை அவிழ்த்து, தான் நின்ற இடத்தைக் குனிந்து துடைத்தாள். "இருக்கட்டும்மா, நான் தொடச்சுக்கறேன்" என்றேன். "தாயோட வீடு, அழுக்காக்கிட்டுப் போகக் கூடாது" என்றாள். போகும்போது சுவரிலிருந்த ஒரு நீலப் பூவைத் தொட்டு முத்தமிட்டாள். கட்டடக்காரன் ஒருவனும் தொடாத கோணல் பூவை. மச்சான், நான் வெளியே போய் டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆகவே நன்றாக யோசித்து உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். நீங்கள் குடும்பத்தில் மூத்தவர், உங்கள் பேச்சுக்கு டெல்மா கட்டுப்படுவாள். யோசனை இதுதான். அடுத்தவர் பொருளை யாரும் நேர்ந்துகொள்ள முடியாது, சரிதானே? நீங்கள் இங்கே வந்து, நாலு பேர் கேட்க, "வண்டி என்னோடது, மாப்ள ஓட்டிப் பாக்கத்தான் வாங்கிட்டு வந்தாரு, அவருக்குக் குடுக்க உரிமை இல்ல" என்று என்னை இரண்டு அதட்டு அதட்டினால் போதும். வேண்டுதல் தானாக அடிபட்டுப்போகும். தாய்க்குக் குறை வைக்க வேண்டாம். உங்கள் ஊர்த் தச்சரிடம் இந்த வண்டி மாதிரியே முழங்கை நீளத்துக்கு ஒரு பொம்மை வண்டி செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒட்ட டைல்ஸ் துண்டுகளை நானே தருகிறேன், நல்ல சரக்கிலிருந்தே தருகிறேன். ஊர் உலகமெல்லாம் பொம்மைதானே வைக்கிறது? நான் மட்டும் ஏன் முழு அளவில் வைக்க வேண்டும்? காச்சோவிடம் மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டாம். அவர் மனைவியின் கண் விஷயம், பாவம், அந்த மனிதர் நிம்மதியாக இருக்கட்டும். அவருக்காகத்தான் சொல்கிறேன் என்று எழுத ஆசை. எனக்காகத்தான் சொல்கிறேன். அந்த முகத்துக்கு நேரே நின்று என்னால் சொல்ல முடியாது. வண்டி வீடு வந்து சேர்ந்தால் அப்புறம் அதைத் தொடவே மாட்டேன், விற்றுவிடுவேன், டெல்மாவிடம் சத்தியம் செய்து சொல்லுங்கள். அவள் இல்லாமல் மாத்தே கசக்கிறது. அது எப்போதும் கசப்புத்தான், ஆனால் இது வேறு கசப்பு.

உங்கள் கொடிகள் காய்க்கட்டும், பீப்பாய்கள் நிறையட்டும், முழங்கால் இளகட்டும், பேரக்குழந்தைகள் உங்கள் மூக்கை விட்டுவிட்டு மற்றதை மட்டும் உரித்துக்கொண்டு பிறக்கட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கம். டெல்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே பார்த்து ஏதாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தலை நிமிராத உங்கள் மாப்பிள்ளை,
எல்வியோ பொனேத்தோ

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். இந்த வரிக்கு வரும் முன்பே தச்சரிடம் ஆள் அனுப்பியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.

கடிதத்தை உங்களிடம் சேர்க்கச் சொல்லிக் காச்சோவிடம் கொடுக்கலாம் என்று மடித்து வைத்திருந்தேன். காலையில் அவர் லாரி வந்து நின்றது. மறுபக்கக் கதவு திறந்து டெல்மா இறங்கினாள். சொன்ன சொல்லை என்ன வழி பண்ணினேன் என்று பார்க்க, உங்கள் ஊர்ச் சந்தையில் அவரைப் பிடித்து ஏறி வந்தாளாம், நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்களாம். என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தாள். திருப்பி விலைப்பட்டியலையும் படித்தாள்.

"வண்டி எங்கண்ணன் பேர்லயா?"

"ஒரு யோசனதான்..."

"காச்சோகிட்ட நீயே சொல்றியா, இதப் படிச்சுக் காட்டட்டுமா?"

சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன், ஆனால் முழுவதும் சொன்னேன். காச்சோ தன் பச்சை பாட்டிலின் நீல நாடாவை அவிழ்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப அவ குடிக்கல."

"இல்ல. நான்தான்."

"ரேடியேட்டர் கொதிச்சுதா?"

"ஆமா."

"அட கிரகமே, அதச் சொல்லித் தொலைக்கறதுதான! ரோட்டுல தவிச்சு நிக்கறவன் எடுக்காம அப்புறம் எவன் எடுப்பான்? நானே ரெண்டு தடவ எடுத்திருக்கேன். தாயே, எடுத்துக்கறேன்னு ஒரு வார்த்த கேப்போம், அடுத்த நடைக்கு ரொப்பி வெச்சுட்டுப் போவோம். அவ்வளவுதான் சங்கதி!"

"அந்த ஒரு வார்த்தையத்தான் நானும் கேக்கச் சொன்னேன்" என்றாள் டெல்மா. "இவன் கெடங்குல சரக்கு எடுக்கற மாதிரி எடுத்தான்."

"நார்மாவுக்கு..." என்று இழுத்தேன்.

"கட்டுப் பிரிச்சாச்சு. என்னப் பாத்ததும், 'இவ்வளவு தொப்பையோடயா நான் குடும்பம் நடத்தினேன்'னு கேட்டா. நல்லாவே தெரியுது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "யாரு குடிச்சா என்ன முதலாளி. வண்டிய எடுத்துட்டுக் கெளம்புங்க. பொய்யா நேந்துக்கிட்டதத் தாய் கேக்க மாட்டா. நான் சொல்லிக்கறேன் எல்லார்கிட்டயும்."

டெல்மாவைப் பார்த்தேன். "சாவி ஒங்கிட்டதான் இருக்கு" என்றாள்.

அப்போது மெந்தோசா பஸ் வந்து நின்றது. பெண்கள் இறங்கி, எங்கள் மூன்று பேரையும் சுற்றிக்கொண்டு போய் வண்டிக் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஓட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். கையில் சாவியோடு நின்ற என் வாயில் இந்த முறை ஒரு பொய்கூட வரவில்லை. "இல்லம்மா, இங்கதான் இருக்கும்" என்றேன். அது உண்மையாகிவிட்டது.

சாவியைச் சுல்மாவிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "சும்மா குடுத்துட்டுப் புண்ணியத்த மட்டும் எடுத்துட்டுப் போயிடுவீங்க. கழுவறது யாரு, தண்ணி யாரு? பேசி முடிங்க மொதல்ல" என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்து பேசினோம். நான் வியாபாரி மச்சான், விடவில்லை. ஆனால் எதிரே இரண்டு பெண்கள். காச்சோ நடுவர் என்ற பெயரில் அவர்கள் பக்கமே இருந்தார். முடிந்தது இப்படி. குடும்பத்துக்கு மூத்தவர் என்பதால் நீங்கள் சாட்சி.

வண்டி இந்த மரத்தடியிலேயே நிற்கும். நான் மனம் மாறாமல் இருக்க, சக்கரங்களைக் கழற்றிக் காச்சோ எடுத்துக்கொள்வார். சாவி சுல்மாவிடம். கழுவுவதும் அவள்தான், அதற்குக் கூலி என் கணக்கில். டாங்குக்கும் மாடத்துப் பாட்டில்களுக்கும் மாதாமாதம் தண்ணீர் என் செலவில், நான் உயிரோடு இருக்கும் வரை. டெல்மா இன்றைக்கே என்னோடு பஸ்ஸில் ரஃபாயேலா வருகிறாள். வழியில் வண்டியைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. என் பங்குக்கு நான் பேரம் பேசி வாங்கியது ஒன்றே ஒன்று: வருடத்துக்கு ஒரு முறை, திராட்சை அறுவடைக்கு உங்கள் வீட்டுக்கு வரும்போது, நாங்கள் இருவரும் அதில் ஒரு ராத்திரி படுத்துக்கொள்ளலாம். விடிந்ததும் தரையை நான் துடைத்துவிட்டுப் போக வேண்டும்.